ஆன்லைன் கூட்ட வருகைப்பதிவு: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மூன்றும் வருகைப் பட்டியல் தருகின்றன. மூன்றும் எண்ணுவது இணைப்புகளை. ஜூமில் நெட் அறுந்து இரண்டு முறை திரும்பி வந்தவருக்கு மூன்று வரி விழும். ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்த இரண்டு பேருக்கு ஒரு வரிதான். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளம்புகின்றன. யார் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே உறுதி செய்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பிறகு எக்செல்லில் சரிசெய்துகொள்ளலாம். இதைத் தலைகீழாகச் செய்தால் கூட்டம் முடிந்து ஒரு வாரம் 'அந்த ஐபோன் யாருங்க?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கூட்டம் முடிந்தது, ரிப்போர்ட்டைக் காணோம்

ஜூமில் ரிப்போர்ட் தானாக மெயிலுக்கு வராது, போய் எடுக்க வேண்டும். செயலியில் தேட வேண்டாம். பிரௌசரில் ஜூம் தளத்தில் லாகின் செய்து, இடப்பக்கம் 'ரிப்போர்ட்ஸ்', அதற்குள் 'யூசேஜ் ரிப்போர்ட்ஸ்' திறந்து, தேதியைக் கொடுத்துத் தேடுங்கள். உள்ளே இருக்கும் பட்டன்களின் பெயரை ஜூம் அவ்வப்போது மாற்றும். நீங்கள் தேட வேண்டியது கூட்டங்களின் பட்டியலில் 'பார்ட்டிசிபண்ட்ஸ்' பத்தியில் நீல நிறத்தில் இருக்கும் எண். அதை அழுத்தினால் பெயர்ப் பட்டியல் திறக்கும், 'எக்ஸ்போர்ட்' அழுத்தினால் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறங்கும். கூட்டம் முடிந்த கையோடு பார்த்தால் இருக்காது, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒரு தடவையில் ஒரு மாத அளவுக்குத்தான் தேட முடியும். 12 மாதத்துக்கு முந்தையது கிடைக்காது. அதனால் அன்றன்றைக்கே இறக்கி வைப்பது நல்லது.

அப்படியும் கூட்டமே பட்டியலில் இல்லையென்றால், பெரும்பாலும் தவறான கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ரிப்போர்ட் இருப்பது கூட்டத்தை உருவாக்கியவரின் கணக்கில். நடுவில் ஹோஸ்ட் (கூட்டத்தை நடத்துபவர்) பொறுப்பை வாங்கியவர், கோ-ஹோஸ்டாக இருந்தவர் கணக்கில் அது வராது. அலுவலகத்தில் ஒரே ஜூம் கணக்கைப் பலர் பயன்படுத்தினால் எந்தக் கணக்கில் லிங்க் உருவானது என்று அழைப்பிதழைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கூகுள் மீட்டில் நிலைமை வேறு. சாதாரண ஜிமெயில் கணக்கில் வருகை ரிப்போர்ட் வசதியே கிடையாது. ஒர்க்ஸ்பேஸில் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) பிசினஸ் ஸ்டார்ட்டர், பிசினஸ் ஸ்டாண்டர்ட் இரண்டிலும் இல்லை. பிசினஸ் பிளஸ் முதல் மேலே, என்டர்பிரைஸ் வகைகளில் உண்டு. பள்ளி, கல்லூரிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் எஜுகேஷன் ஃபண்டமெண்டல்ஸில் இல்லை. எஜுகேஷன் பிளஸ், அல்லது டீச்சிங் அண்ட் லேர்னிங் கூடுதல் உரிமம் வேண்டும். காசு கட்டிய கணக்குதானே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம்.

உரிமம் சரி, இருந்தும் வரவில்லை என்றால் வசதி அணைந்திருக்கும். கூட்டத்துக்குள் 'ஹோஸ்ட் கன்ட்ரோல்ஸ்' திறந்து 'அட்டெண்டன்ஸ்' என்பதை இயக்கலாம். முன்கூட்டியே காலண்டர் நிகழ்வில், மீட் லிங்க் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்துக்குள்ளும் இயக்கி வைக்கலாம். ரிப்போர்ட் கூகுள் ஷீட்டாக ஆர்கனைசரின் மெயிலுக்கு மட்டும் வரும். நிகழ்வை உதவியாளர் உருவாக்கியிருந்தால் அவர் மெயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தவறவிட்டாயிற்று என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. உங்கள் நிறுவனத்தின் ஒர்க்ஸ்பேஸ் அட்மினிடம் கேளுங்கள். அட்மின் கன்சோலில் 'மீட் லாக் ஈவென்ட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு இணைப்பும், எவ்வளவு நேரம் என்பதும் 6 மாதம் வரை பதிவாகியிருக்கும். கூட்டத்தின் மீட் கோட் (லிங்க்கின் கடைசியில் வரும் எழுத்துகள்) கொடுத்தால் அவர் வடிகட்டித் தருவார்.

டீம்ஸில் ஆர்கனைசருக்கும் கோ-ஆர்கனைசர்களுக்கும் மட்டுமே பட்டியல் தெரியும். காலண்டரில் கூட்டத்தைத் திறந்தால் 'அட்டெண்டன்ஸ்' என்ற தாவல் இருக்கும், அங்கே 'டவுன்லோடு'. அந்தத் தாவலே இல்லையென்றால் டீம்ஸ் அட்மின் சென்டரில் கூட்டங்களுக்கான பாலிசியில் வருகை ரிப்போர்ட் அணைக்கப்பட்டிருக்கலாம். அதை அட்மின்தான் மாற்ற முடியும், மாற்றியது அடுத்த கூட்டத்துக்குத்தான் பயன்படும். இன்னொன்று: நீங்கள் மட்டும் வெளியேறி, யாராவது ஒருவர் உள்ளேயே இருந்துவிட்டால் கூட்டம் முடியவில்லை என்றே டீம்ஸ் எடுத்துக்கொள்ளும். 'லீவ்' பக்கத்து அம்புக்குறியில் உள்ள 'எண்ட் மீட்டிங்' கொடுத்து முடியுங்கள்.

இந்தக் கணக்கில் ரிப்போர்ட் கிடையாது, கூட்டமோ நடந்துகொண்டிருக்கிறது

எல்லோரையும் சாட்டில் பதிவு எண்ணையும் பெயரையும் தட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஒரு முறை, முடிவுக்குப் பத்து நிமிடம் முன் ஒரு முறை. ஒவ்வொரு வரியிலும் நேரம் விழுவதால் இதுவே ஒரு பதிவேடு. ஜூமில் சாட் பெட்டியின் மூன்று புள்ளிகளை அழுத்தி 'சேவ் சாட்' கொடுத்தால் உரைக் கோப்பாக ஆவணங்கள் ஃபோல்டரில் சேமிக்கும். கூட்டத்தை முடிப்பதற்கு முன் செய்ய வேண்டும், அதுவும் கணினியிலிருந்து. மீட்டில் சேமிக்கும் பட்டனை நம்ப வேண்டாம். சாட் முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒரு டாக்குமெண்டில் ஒட்டிவிட்டுப் பிறகு வெளியேறுங்கள். கூடவே பங்கேற்பாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நகர்த்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்தவருக்கு முந்தைய சாட் தெரியாமல் போகலாம், எனவே அந்த அறிவிப்பை வாயாலும் சொல்ல வேண்டும்.

வருகையைப் பதிவு செய்வதாகச் சொல்லும் பிரௌசர் எக்ஸ்டென்ஷன்கள் நிறைய உண்டு. திரையில் தெரியும் பெயர்களைப் படித்து எழுதுவதுதான் அவற்றின் வேலை. அந்த டேப் மூடினால் பதிவும் நிற்கும், மீட் பக்கத்தின் அமைப்பு மாறினால் சத்தமில்லாமல் வெறும் பட்டியல் தரும். முக்கியமான கூட்டத்துக்கு இதை மட்டும் நம்பி இறங்குவது சரியல்ல.

மாலையில் நடந்த கூட்டம் ரிப்போர்ட்டில் விடியற்காலை என்கிறது

ஜூம் கணக்கின் நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் நிற்கிறது. நம் நேரத்துக்கும் அதற்கும் குளிர்காலத்தில் 13½ மணி, கோடையில் 12½ மணி வித்தியாசம். மாலை 6.30 கூட்டம் ஜனவரியில் அதிகாலை 5.00 என்றும், ஜூலையில் 6.00 என்றும் காட்டும். காலை 10 மணிக் கூட்டம் முந்தைய நாள் இரவுக்குப் போய்விடும். அன்றைய தேதியை மட்டும் கொடுத்துத் தேடுகிறவருக்கு 'கூட்டமே இல்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூம் தளத்தில் 'புரொஃபைல்' பக்கத்தில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றி, கோப்பை மறுபடி இறக்குங்கள். எக்செல்லில் மணியைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்வது வேண்டாத வேலை. வித்தியாசம் சரியாக 5½ மணி என்றால் கோளாறு வேறு: அந்தக் கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அட்மின் எடுத்துத் தரும் லாக் கோப்புகளில் இப்படி வரலாம்.

ஒரே ஆள் நான்கு வரியில். 90 நிமிடக் கூட்டத்தில் 100 நிமிடம் இருந்திருக்கிறார்

முதலில் ஜூமின் 'இன் வெயிட்டிங் ரூம்' பத்தியைப் பாருங்கள். 'யெஸ்' என்று இருக்கும் வரிகள் வாசலில் காத்திருந்த நேரம். அவற்றை வடிகட்டி நீக்குங்கள். பிரேக்அவுட் ரூம் (சிறு குழு அறை) போய் வந்தவர்களுக்கும் கூடுதல் வரிகள் விழும்.

ஜூம் பட்டியலில் 'ஷோ யூனிக் யூசர்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தால் ஒருவருடைய வரிகளைச் சேர்த்துத் தரும். நெட் விட்டு விட்டு வந்தவருக்கு இது போதும். லேப்டாப்பில் ஒரு பெயர், கைப்பேசியில் இன்னொரு பெயர் என்று வந்தவரை அது சேர்க்காது. இரண்டிலும் ஒரே நேரத்தில் இருந்தவரின் நிமிடங்களை வெறுமனே கூட்டினால் இரட்டிக்கும். லேப்டாப்பில் 10.00 முதல் 10.50, கைப்பேசியில் 10.40 முதல் 11.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கூட்டல் 50, ஆக 100. உண்மையில் இருந்தது 90.

சரியான கணக்குக்கு வரிவாரியான, சேர்க்காத பட்டியலை இறக்குங்கள். ஏ பத்தியில் பதிவு எண் (ஒவ்வொருவருக்கும் நீங்கள் ஒதுக்கும் எண், 'ரெட்மி' தலைப்பில் பாருங்கள்), பி-யில் நுழைந்த நேரம், சி-யில் வெளியேறிய நேரம். முதலில் ஏ, பிறகு பி என்ற வரிசையில் ஏறுமுகமாக அடுக்குங்கள். தலைப்பு முதல் வரியில் இருக்கட்டும். டி பத்தி, 'இந்த ஆள் இதுவரை எந்த நேரம் வரை கணக்கில் வந்துவிட்டார்' என்பதற்கு: ஏ2-உம் ஏ1-உம் ஒன்றானால் டி1, சி1 இரண்டில் பெரியது, இல்லையென்றால் 0. ஈ பத்தி, இந்த வரி புதிதாகச் சேர்க்கும் நேரம்: பி2, டி2 இரண்டில் பெரியதை சி2-இலிருந்து கழிக்க வேண்டும், விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் 0. இரண்டையும் கடைசி வரி வரை இழுத்துவிட்டு, ஈ பத்தியைப் பதிவு எண் வாரியாக 'சம்இஃப்' கொண்டு கூட்டி 1440-ஆல் பெருக்கினால் நிமிடம் வந்துவிடும். எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்திருக்கிறது, 1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள்.

ஜூம் தரும் 'டியூரேஷன்' முழு நிமிடத்தில் இருப்பதால், பலமுறை வந்து போனவருக்கு ஓரிரு நிமிடம் முன்னே பின்னே ஆகும். சான்றிதழுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்று விதி வைத்திருந்தால், எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இந்த ஓரிரு நிமிடத்தை விட்டுக்கொடுப்பதுதான் நியாயம்.

எல்லோருக்குமே பாதி நேரம்தான் காட்டுகிறது

ஒரே கூட்ட எண்ணில் இரண்டு அமர்வுகள் பதிவாகியிருக்கின்றன. தெரியாமல் 'எண்ட் ஃபார் ஆல்' அழுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ரிப்போர்ட் பட்டியலில் அதே எண்ணுடன் வேறு தொடக்க நேரத்தில் இன்னொரு வரி இருக்கும். இரண்டையும் இறக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். டீம்ஸில் 'அட்டெண்டன்ஸ்' தாவலில் அமர்வைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக இறக்க வேண்டும்.

'ரெட்மி', 'கேலக்ஸி', 'ஐபோன்' எல்லாம் வந்திருக்கின்றன, ஆட்களைக் காணோம்

பெயர் கேட்கும் பெட்டியில் கைப்பேசி தன் மாடல் பெயரை நிரப்பிக் கொடுக்கிறது, வருகிறவர் அப்படியே 'ஜாயின்' அழுத்திவிடுகிறார். மாடல் பெயர் இல்லாவிட்டாலும் நம் ஊர்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் காத்திருக்கும். 'எஸ்.குமார்', 'குமார் எஸ்', 'குமார் சண்முகம்' மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். இனிஷியல் முன்னா பின்னா, தமிழிலா ஆங்கிலத்திலா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். பெயரை வைத்து ஒப்பிடும் எந்தச் சூத்திரமும் இங்கே தோற்கும்.

எண் கொடுத்துவிடுங்கள். அழைப்பிதழ் அனுப்பும்போதே ஒவ்வொருவருக்கும் மூன்று இலக்க எண் ஒதுக்கி, '042 குமார்' என்ற வடிவில் நுழையச் சொல்லுங்கள். எண் முன்னால் வரவேண்டும். பட்டியலில் வரிசையாக அடுக்கப்படும், யார் வரவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு எக்செல்லில் 'லெஃப்ட்' கொண்டு முதல் மூன்று எழுத்தைப் பிரித்தால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்று: அப்படிப் பிரித்தது உரை. உங்கள் மூலப் பட்டியலில் 42 என்று எண்ணாக இருந்தால் 'விலுக்அப்' பொருத்தாது. மூலப் பட்டியலின் அந்தப் பத்தியை முதலில் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றி, 042 என்றே தட்டுங்கள்.

வெயிட்டிங் ரூமை இயக்கி, எண் இல்லாத பெயரை உள்ளே விடாமல் 'எண்ணோடு வாருங்கள்' என்று அங்கேயே செய்தி அனுப்பலாம். முப்பது பேருக்கு மேல் என்றால் இதற்கென்று ஒரு கோ-ஹோஸ்ட் வேண்டும், பேசுகிறவரே இதையும் பார்க்க முடியாது. உள்ளே வந்தபின் ஹோஸ்ட் பெயரை மாற்றினால், ஜூம் ரிப்போர்ட் புதுப் பெயரையும் அடைப்புக்குள் பழைய பெயரையும் காட்டும். எல்லோரும் சரியானபின் 'ஹோஸ்ட் டூல்ஸ்' (பழைய பதிப்பில் 'செக்யூரிட்டி') பட்டனில் 'ரீநேம் தெம்செல்வ்ஸ்' என்பதை எடுத்துவிடுங்கள். நடுவில் பெயரை மாற்றி விளையாடுகிறவர்கள் மாணவர்கள் மட்டும் இல்லை.

தொலைபேசியில் டயல் செய்து வந்தவர் பாதி மறைத்த எண்ணாகத் தெரிவார். கூட்டம் நடக்கும்போதே பெயரைக் கேட்டு ஹோஸ்ட் மாற்றிவிட வேண்டும். படத்துக்கு லேப்டாப், ஒலிக்குத் தொலைபேசி என்று வந்தவரானால் தன் திரையில் தெரியும் பார்ட்டிசிபண்ட் ஐடியை, முன்னும் பின்னும் ஹாஷ் போட்டுத் தொலைபேசியில் அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு இணைப்பும் ஒன்றாகும்.

மின்னஞ்சல் கட்டம் காலி

ஜூமில் லாகின் செய்யாமல் வந்த விருந்தினரின் மெயில் ரிப்போர்ட்டில் வராது. மெயில் வேண்டும் என்றால் கூட்டத்தை உருவாக்கும்போதே 'ரிஜிஸ்ட்ரேஷன்' கேட்க வேண்டும். இதற்குக் கட்டணக் கணக்கு தேவை. பர்சனல் மீட்டிங் ஐடியில் ரிஜிஸ்ட்ரேஷன் வேலை செய்யாது, தானாக உருவாகும் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்தவருக்குத் தனி லிங்க் போகும். அவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உள்ளே வருகிறவர்கள் அவர் கணக்கில் ஏறலாம். 'இந்த லிங்க் உங்களுக்கு மட்டும்' என்று மெயிலில் தெளிவாக எழுதிவிடுங்கள். கூகுள் மீட்டில் கூகுள் கணக்கு இல்லாமல் வந்தவருக்குப் பெயர் மட்டும் இருக்கும். டீம்ஸில், தன் பெயர் ரிப்போர்ட்டில் வேண்டாம் என்று பிரைவசி அமைப்பில் ஒருவர் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. நிறுவனத்தின் பாலிசி அனுமதித்தால் அது செல்லும்.

எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிகின்றன

தலைக்குமேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று மாறி மாறி வருகிறதா? கோப்பு கெட்டுப்போகவில்லை. யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் எழுத்துமுறை) கோப்பை எக்செல் பழைய விண்டோஸ் எழுத்துமுறையில் படிக்கிறது. இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள், திறந்ததைச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். சேமித்தால் குப்பையே நிரந்தரமாகிவிடும். காலி ஒர்க்புக் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' இடத்தில் 65001 யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.

அதே திரையில் தேதியையும் கவனியுங்கள். ஜூமும் டீம்ஸும் மாதம்/நாள்/ஆண்டு என்று அமெரிக்க முறையில் எழுதும் கோப்புகள் நம் கணினிகளில் ஒரு விசித்திரத்தைச் செய்யும்: 12-ஆம் தேதி வரையிலான கூட்டங்களில் நாளும் மாதமும் இடம் மாறித் தேதியாகவே உட்காரும், 13-ஆம் தேதியிலிருந்து வெறும் உரையாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். மார்ச் 5 கூட்டம் மே 3 ஆகியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுத்து, நேரப் பத்தியில் வலக் கிளிக் செய்து, 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொக்கேல்', அதில் தேதி/நேரம், ஆங்கிலம் (அமெரிக்கா). ஏற்கெனவே இடம் மாறிய கோப்பைச் சரிசெய்ய முயல வேண்டாம், மூலக் கோப்பை மறுபடி இறக்குங்கள்.

டீம்ஸ் கோப்பில் இன்னும் இரண்டு வில்லங்கம். பெயர்தான் சிஎஸ்வி, உள்ளே பத்திகளைப் பிரிப்பது காற்புள்ளி அல்ல, டேப். எழுத்துமுறை யுடிஎஃப்-16. எல்லாம் ஒரே பத்தியில் குவிந்தால் பிரிப்பானை 'டேப்' என்று மாற்றுங்கள். தவிர, ஒரே தாளில் மேலே கூட்டச் சுருக்கம், நடுவில் ஆட்கள், கீழே வந்துபோன விவரம் என்று மூன்று பகுதிகள் இருக்கும். மொத்த நேரம் '1 மணி 5 நிமிடம்' என்கிற மாதிரி உரையாக எழுதப்பட்டிருப்பதால் அதைக் கூட்ட முடியாது. மூன்றாம் பகுதியின் நுழைந்த, வெளியேறிய நேரத்தை எடுத்து மேலே சொன்ன டி, ஈ பத்திக் கணக்கைப் போடுவதுதான் வழி.

பட்டியலில் முழு நேரமும் இருந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை

எந்த ரிப்போர்ட்டும் இதைச் சொல்லாது. யார் வேறு சன்னலில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்த வசதியை ஜூம் 2020 ஏப்ரலில் நீக்கிவிட்டது. வேவு பார்ப்பதாக எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அது போனதும் நல்லதுதான்.

முன்கூட்டியே சொல்லாத ஒரு நேரத்தில் ஒரு குறிச்சொல்லை வாயால் மட்டும் சொல்லி, கூகுள் ஃபார்மில் பதிவு எண்ணோடு நிரப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் 'அக்செப்டிங் ரெஸ்பான்சஸ்' அணைத்துவிடுங்கள். இரண்டு மணிக் கூட்டத்துக்கு இரண்டு முறை போதும். குறிச்சொல்லைத் திரையில் எழுதிக் காட்டினால் அதைப் படமெடுத்துக் குழுவில் அனுப்பிவிடுவார்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டை வைத்தால் கூகுள் லாகின் கேட்கும், ஒரே கைப்பேசியில் பார்க்கும் இரண்டு பேரில் ஒருவர் மாட்டிக்கொள்வார். அதை அணைத்து வைத்துப் பதிவு எண் இரட்டிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஜூமின் 'போல்' வசதியும் உதவும். 'அனானிமஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் யார் பதில் சொன்னார்கள் என்பது ரிப்போர்ட்டில் வராது.

கம்பெனி இயக்குநர் குழுக் கூட்டம்: ரிப்போர்ட் கச்சிதம், ஆடிட்டர் ஏற்கவில்லை

இங்கே ஜூம் பட்டியல் துணைச் சான்று மட்டுமே. இந்தியக் கம்பெனிகளுக்கான 2014-ஆம் ஆண்டின் இயக்குநர் குழுக் கூட்ட விதிகளில் 3-ஆம் விதிப்படி, கூட்டத் தொடக்கத்தில் தலைவர் பெயர் அழைக்க வேண்டும். வீடியோவில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு இயக்குநரும் தன் பெயர், எந்த இடத்திலிருந்து பேசுகிறார், நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும் கிடைத்தன, அந்த இடத்தில் வேறு யாரும் கூட்டத்தைப் பார்க்கவோ கேட்கவோ இல்லை என்ற நான்கையும் வாயால் சொல்ல வேண்டும். இது ஒளிப்பதிவில் விழவேண்டும். அதனால் 'ரெக்கார்ட்' அழுத்திய பிறகே பெயர் அழைப்பைத் தொடங்குங்கள். பலர் வணக்கம் சொல்லி, வருகையை முடித்துவிட்டு, நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளுக்கு வரும்போதுதான் ரெக்கார்டிங்கை நினைக்கிறார்கள். நடுவில் இணைப்பு அறுந்து திரும்பி வந்தவரின் நேரத்தைக் குறிப்பில் எழுதுங்கள், அப்போது எந்தத் தீர்மானம் ஓடிக்கொண்டிருந்தது என்பதோடு.

'நான் வந்தேனே, என் பெயர் ஏன் இல்லை?'

சண்டைக்கு முன் நான்கு இடம் பாருங்கள்: வெயிட்டிங் ரூமிலேயே நின்றுவிட்டாரா, மாடல் பெயரில் வந்தாரா, வேறொருவர் கருவியில் சேர்ந்து பார்த்தாரா, இரண்டாம் அமர்வின் கோப்பு விடுபட்டதா. எதிலும் இல்லையென்றால் அவர் கைப்பேசியின் அழைப்பிதழில் உள்ள கூட்ட எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய வார லிங்க்கை அழுத்தி, யாரும் வராத அறையில் காத்திருந்தவர்கள் உண்டு. திருத்தம் செய்தால் ஜூமிலிருந்து வந்த மூலக் கோப்பில் கை வைக்காமல், தனித் தாளில் எண், பெயர், காரணம், திருத்தியவர், தேதி என்று எழுதிச் சேருங்கள்.